ஒரு கை பார்த்துவிடுகிறேன்

டூசான், அரிசோனா
செப்டம்பர் 4

அக்கா,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அடித்து அடித்து ஓய்ந்து, பக்கத்து வீட்டு பெர்னடெட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உயிரோடதான் இருக்கா. இப்பத்தான் குப்பைத்தொட்டிய ஒத்தக் கையால தள்ளிட்டுப் போனா. மூஞ்சிதான் சரியில்ல" என்றாள். அந்த மூஞ்சி என்மேல் உள்ள கோபத்தில்தான் அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம். கடிதத்தை வைத்துவிட்டு ஓட முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும்.

ஜூன் மாதம் நீ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் வீட்டை ஒழுங்குபடுத்தியது நான்தான். மாடிப்படி ஏற முடியாதவளுக்குக் கீழே ஒரு படுக்கை வேண்டும். கீழே இருந்த ஒரே அறை உன் வாழ்த்தட்டை செய்யும் அறை. காகிதத்தை உருவமாக வெட்டும் வெட்டச்சுகள், ரப்பர் முத்திரைகள், ஸ்டென்சில்கள், மை டப்பாக்கள், அந்தக் கைப்பிடி மெஷின், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு சர்ச் விற்பனைக்குக் கொடுத்தேன். கட்டில் போட இடம் வேண்டாமா? வலது கை இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அந்தப் பழைய சாமான்களைப் பார்த்துப் பார்த்து நீ அழுவாய் என்று நினைத்தேன். நினைத்தது தப்பா?

இங்கே என் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை. உனக்காக ஓர் அறையைப் பிடித்து வைத்திருக்கிறேன், நவம்பர் நடுவரை நமக்காக வைத்திருப்பார்கள். நவம்பர் முதல் வாரம் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பனி விழத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கோரின்


எல்க் ஃபோர்டு, விஸ்கான்சின்
செப்டம்பர் 11

கோரின்,

இது தட்டச்சு. இடது கையின் ஒரே விரலால் அடிக்கிறேன். இந்த மெஷினுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே வியாதி, பாதி பாகம் வேலை செய்வதில்லை. எனவே சுருக்கமாகத் திட்டுகிறேன்.

பழைய சாமான் என்று எழுதியிருக்கிறாய். உன் சமையலறையில் புகுந்து கத்தி, கரண்டி, சட்டி எல்லாவற்றையும் யாராவது அள்ளிக்கொண்டு போய்விட்டு, "நீ அழுவேன்னு நெனச்சேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்த அறைக் கதவைத் திறந்தபோது கட்டிலும் கட்டிலுக்கு மேலே ஒரு பூப்படமும் இருந்தன. பூப்படம்! நான் என்ன செத்தா போய்விட்டேன், விருந்தாளிக்கு அறை தயார் செய்ய?

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிய காலமெல்லாம், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வரும் ஹாலோவீன் காலையில் ஒவ்வொரு இருக்கையிலும் ஓர் அட்டை இருந்தது. எல்லாம் என் கையால் வெட்டி, மை ஒற்றி, முத்திரை குத்தியவை. எல்லா அட்டையிலும் அதே வரி: "ஏறிக்கோ, பேய்க்கும் சீட் இருக்கு." இப்போது பஸ்ஸை வெண்டல் ஓட்டுகிறான். நேற்று மளிகைக் கடையில் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி, "ஆர்லிஸ், இந்த வருஷம் அட்டை வராதுன்னு பசங்ககிட்ட நானே சொல்லிடவா? உங்களுக்கு ஏன் சங்கடம்" என்றான். எல்லோரும் எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு வருகிற சங்கடம் யாருக்கும் தெரிவதில்லை.

"வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டு, அட்டை வரும்" என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஆக, ஒரு பந்தயம். ஹாலோவீன் காலையில் அந்த பஸ்ஸின் ஒவ்வொரு இருக்கையிலும் நான் செய்த அட்டை இருந்தால், நீ அந்த மலை தெரியும் அறையை விட்டுவிட வேண்டும். அதன்பிறகு அந்தப் பேச்சே வரக்கூடாது. ஓர் இருக்கை காலியாக இருந்தால்கூட நானே பெட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், வந்து கூட்டிக்கொண்டு போ.

இருக்கிறது ஒரு கை. ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

ஆர்லிஸ்


டூசான்
செப்டம்பர் 16

அக்கா,

அப்பா சொல்வார், இவள் பிடிவாதத்தை ஏரில் பூட்டினால் மாடே வேண்டாம் என்று. சரி, பந்தயம். ஆனால் அந்த அட்டைகளை வேறு யாரும் தொடக்கூடாது. பெர்னடெட் வெட்டிக் கொடுத்தாள், சர்ச் பெண்கள் ஒட்டிக் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் ஆட்டம் முடிந்தது.

ஒன்றைச் சொல்லட்டுமா? என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துக்கொண்டு இதைச் செய்யாதே. உன்னால் ஷூ நாடாவைக் கட்ட முடியவில்லை, நான்தான் குனிந்து கட்டினேன். சூப் டப்பாவைத் திறக்க முடியாமல் அதைச் சுவரில் எறிந்தாய், நான்தான் துடைத்தேன். வீட்டுக்குள் நீ விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்கு உன் பந்தயத்தில் பதில் இல்லை.

இன்னொன்று. தட்டச்சு வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். உன் கையால் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. ஒரு பக்கம் எழுத முடிந்தால் அட்டையும் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

கோரின்


எல்க் ஃபோர்டு
செப்டம்பர் 24

கோரின்,

இந்தா, கையால் எழுதிய பக்கம். இடது கை. கைப்பயிற்சி கொடுக்க வரும் ஜோலீன் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள், ஆனால் இதை அவள் இல்லாதபோதுதான் எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் ஆட்டம். ஆனால் சரளமாக வருகிறது, எனக்கே ஆச்சரியம். பார்த்தாயா?

என் சாமான்களை சர்ச் விற்பனையில் வாங்கியது யார் தெரியுமா? பெர்னடெட்! வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துகொண்டு மூன்று மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் என் வெட்டச்சு போவதைவிடக் கிணற்றில் போயிருக்கலாம். பூசணிக்காயில் ஜிகினா, வௌவாலில் ஜிகினா, போன வருஷம் பைபிள் வாசகத்தின் மேலேயே ஜிகினா கொட்டியவள்.

போய்க் கதவைத் தட்டினேன். "மெஷினைக் கடனாக் குடு" என்றேன்.

"கடனா? அது உன்னுதுதானே. நீயா வந்து கேப்பேன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். நானாக் கொண்டுவந்து குடுத்தா, 'பரிதாபப்படறியா'ன்னு என் தலையிலயே போட்டிருப்ப."

போட்டிருப்பேன்தான். பூசணி, காக்கை, மேப்பிள் இலை எல்லாம் பத்திரமாக இருந்தன. பஸ் அச்சு மட்டும் இல்லை. அது பெட்டியிலேயே வரவில்லை என்று சத்தியம் செய்கிறாள். எங்கே போனதோ. அது போனால் அட்டையின் உயிரே போச்சு. வரியை முத்திரையாகச் செதுக்கி வைத்திருந்தேனே, அந்த ரப்பரையும் எலி கடித்துவிட்டதாம். பரவாயில்லை, புதிதாகச் செதுக்கிக்கொள்கிறேன்.

வேலை இப்படி நடக்கிறது. மெஷினைத் தச்சுவேலைக் கிடுக்கியால் மேசையோடு இறுக்கிவிட்டேன். காகிதத்தின் மேல் இலை அச்சை வைத்து, நகராமல் ஒட்டுநாடா போட்டு, இரண்டு தட்டுக்கு நடுவே தள்ளி, இடது கையால் கைப்பிடியைச் சுற்றுகிறேன். மட மடவென்று சத்தம் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறது. முதல் இலை நரம்போடு முழுசாக விழுந்தபோது வாய்விட்டுக் கத்தினேன். ஸ்டென்சிலில் மை ஒற்றும்போது காகிதம் ஓடுகிறது, அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே. அம்மாவின் இரும்பு வாணலியைத் தூக்கி ஒரு ஓரத்தில் வைத்தேன். வாணலி அசையவில்லை. எனக்கு வாய்த்த வலது கைகளிலேயே ரொம்பப் பொறுமையானது அதுதான்.

ஆர்லிஸ்


டூசான்
செப்டம்பர் 30

அக்கா,

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் கடிதத்தைப் பிரித்தேன், ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஏதோ வேற்று மொழி மாதிரி இருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்தின் வலது ஓரத்திலிருந்து நீ தொடங்கியிருப்பது தெரிந்தது. குளியலறைக்கு எடுத்துப்போய் நிலைக்கண்ணாடி முன்னால் பிடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பெர்னடெட், மெஷின், வாணலி, எல்லாமே. முதல் எழுத்திலிருந்து உன் கையெழுத்துவரை முழுப் பக்கத்தையும் நீ இடம் வலம் மாற்றி எழுதியிருக்கிறாய். "பார்த்தாயா" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

கழிவறை மூடிமேல் உட்கார்ந்து அழுதேன். நீ அதைக் கவனிக்கவே இல்லை, அக்கா. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இது கை போன விஷயம் மட்டும் இல்லை. இன்றைக்கு எழுத்து, நாளைக்கு அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பது உனக்குத் தெரியாமல் போனால்?

பந்தயம் வேண்டாம். தோற்றதாகவும் வைத்துக்கொள்ள வேண்டாம், விட்டுவிடு. பதினைந்தாம் தேதி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வருகிறேன். கோபப்படாதே.

கோரின்


எல்க் ஃபோர்டு
அக்டோபர் 6

கோரின்,

மறுபடியும் தட்டச்சு, உன் குளியலறைக்கு வேலை வைக்கவேண்டாம் என்று. நிதானமாக வாசி. டிக்கெட்டைக் கீழே வை.

உன் கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று கேள்.

முத்திரை செதுக்க உட்கார்ந்தேன். உனக்கு இந்த வேலை தெரியாது, சொல்கிறேன். ரப்பரில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுதவேண்டும். அப்போதுதான் மையில் தோய்த்துக் குத்தினால் காகிதத்தில் நேராக வரும். முன்பெல்லாம் இதற்கே எனக்கு ஒரு சாயங்காலம் போகும். மெல்லிய தாளில் எழுதி, கவிழ்த்து, தேய்த்து, நகலெடுத்து, அப்படியும் ஓர் எழுத்தாவது நேராக நின்று கழுத்தை அறுக்கும். சேர்ந்து அட்டை செய்யும் எங்கள் கூட்டத்தில் அந்தத் தப்பைச் செய்யாதவர்களே கிடையாது. பெர்னடெட் ஒரு முறை 'அன்புடன்' என்பதைத் திருப்ப மறந்து ஊருக்கே அனுப்பினாள்.

நான் ரப்பரை வாணலிக்கு அடியில் ஓரமாக அமுக்கி, பேனாவால் வரியை எழுதி, கத்தியை எடுத்துச் செதுக்கிக்கொண்டே போனேன். கடைசி எழுத்து வரும்போதுதான் உறைத்தது, திருப்பி எழுத மறந்துவிட்டேன்! ரெண்டு நாள் வேலை. இடது கையில் கொப்புளம். "போச்சுடி, எல்லாம் போச்சு" என்று கத்தினேன். ஆத்திரத்தில் மையை அப்பி, பக்கத்தில் கிடந்த காகிதத்தில் ஓங்கி ஒரு குத்து குத்தினேன்.

கீழே பார். அந்தக் குத்தைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

ஏறிக்கோ, பேய்க்கும் சீட் இருக்கு

வாசிக்க முடிகிறதா? கண்ணாடி வேண்டாமே?

எனக்குக் காரணம் புரியவில்லை. ஏதோ மாயம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு ஜோலீனைக் கூப்பிட்டேன். "சில பேருக்கு இடது கைக்கு மாறும்போது இப்படி வரும், ஆர்லிஸ். நிறைய பேருக்குத் தானாச் சரியாயிடும். அடுப்பை அணைக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். பிறகு, "சீக்கிரமே சரியாக்கிடலாம், பயிற்சி இருக்கு" என்று ஒரு தாளை எடுத்தாள்.

"நவம்பர் வரைக்கும் அந்தத் தாளைக் கையில எடுத்த, நடக்கறதே வேற" என்றேன்.

நீ எதைப் பார்த்து அழுதாயோ அதை வைத்துத்தான் நான் செதுக்கினேன். இடது கைக்கு நேராக எழுதத் தெரியாமல் இருக்கலாம், அச்சுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. பந்தயத்தை நடுவில் கலைக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, சீட்டாட்டத்தில் தோற்கப்போகும்போதெல்லாம் உனக்கு வயிறு வலிக்கும்.

ஆர்லிஸ்


டூசான்
அக்டோபர் 13

அக்கா,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே. அறையை இன்னும் விடவில்லை.

நீ குத்திய அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் தள்ளாடுகிறது, ஒன்றும் ஒரே உயரத்தில் இல்லை. முன்பு நீ செய்த முத்திரை கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். இதை ஒரு பேயேதான் எழுதியிருக்கும் என்று தோன்றுகிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன், புரிகிறதா?

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. உன் பஸ் அச்சு. சர்ச்சுக்குக் கொடுக்கும் பெட்டியில் அதையும்தான் போட்டேன். மூடப்போகும்போது எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. இனி உன்னால் முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த அச்சை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை.

இது உதவி கிடையாது. உன் பொருளை உன்னிடம் திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான். பந்தயம் பந்தயம்தான்.

கோரின்


எல்க் ஃபோர்டு
அக்டோபர் 22

கோரின்,

பஸ் வந்து சேர்ந்தது. அன்றைக்கே கடுகு மஞ்சள் காகிதத்தில் வெட்டிவிட்டேன். ஜன்னல் எல்லாம் சுத்தமாக விழுகிறது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஸ்டென்சில் வைத்து ஒரு வெள்ளைப் பேய். பின்னால் செம்மஞ்சள் வானம், பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி ஒற்றினால் அடியில் அடர்ந்து மேலே வெளுத்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் இலைகள். கீழே வரி. உள்ளே ஒன்றும் எழுதவில்லை, பிள்ளைகள் அவர்களாக எழுதிக்கொள்ளட்டும்.

இப்போது ஒரு செய்தி. மறைக்கலாம் என்று நினைத்தேன், பெர்னடெட் எப்படியும் உன்னிடம் ஓதிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டேன். மை டப்பாவை எட்டி எடுக்கப்போய் வலது கால் மடங்கிவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தரையில் கிடந்தேன். மேசையிலிருந்த அட்டைகளில் பாதி என்மேல் விழுந்தன, செம்பழுப்பு மை முழுக்க அவற்றின்மேல் கொட்டியது. நீ கேட்ட கேள்விதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது, விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். பந்தயத்தைப் பற்றிய பயம் இல்லை. அந்தத் தரையிலேயே கிடந்து போய்விடுவேனோ என்ற பயம்.

வாணலியை இழுத்து, கைக்கு எட்டிய, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாயில் அடித்தேன். தேவாலய மணி மாதிரிச் சத்தம். பெர்னடெட் ஓடி வந்து கதவைத் திறந்ததும், என் சட்டையெல்லாம் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்து, "ஐயோ ரத்தம்!" என்று கத்தி அவளும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நான்தான் அவளைத் தேற்றினேன். "மைடி, மூதேவி! எழுந்து வந்து என்னைத் தூக்கு!"

தூக்கி உட்கார வைத்துவிட்டு, கெட்டுப்போன அட்டைகளைப் பார்த்தாள். "கறைமேல கொஞ்சம் ஜிகினா போட்டா தெரியாது, ஆர்லிஸ். நான் போட்டுத் தரேன், கோரின்கிட்ட சொல்லமாட்டேன்" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவளுக்கு. "போட்டா உன் கையை ஒடிப்பேன், அப்புறம் ரெண்டு பேரும் ஒத்தக் கைக்காரிங்க" என்றேன்.

கெட்டதைக் குப்பையில் போட்டுவிட்டேன். முதலிலிருந்து வெட்டத் தொடங்கியிருக்கிறேன். நாள் போதாது என்று எனக்கும் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில் இல்லை என்றாய். இப்போது இருக்கிறது. கழுத்தில் ஒரு பொத்தான் மாட்டியிருக்கிறேன், அழுத்தினால் ஆம்புலன்ஸுக்கும் பெர்னடெட்டுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். குளியலறையிலும் சமையலறையிலும் பிடிகம்பி போட ஆள் வந்துபோனான். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கிறது, ஆனால் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் ஜூலையிலேயே நீ சொன்னது. அப்போது நான் கேட்கவில்லை.

ஆர்லிஸ்


டூசான்
அக்டோபர் 26

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசித்ததும் டிக்கெட் எடுக்க எழுந்தேன். இரண்டாம் முறை வாசித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நீ விழுந்ததை நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததை ஒரு வாரம் சட்டைக்குள் ஒளித்து வைத்தவள் நீ. நீ மறைப்பாய் என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய பயம். விழுவாய் என்பதுகூட அதற்கு அப்புறம்தான்.

பந்தயத்தைத் தளர்த்த மாட்டேன். தளர்த்தினால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். ஆனால் ஒன்று சொல்கிறேன், பெர்னடெட் உனக்குச் சமைத்துப் போடலாம், துணி துவைக்கலாம், தரையைத் துடைக்கலாம். அட்டையைத்தான் யாரும் தொடக்கூடாது என்றேன், உன்னைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கோழியும் நூடுல்ஸும் போட்டு ஹாட்டிஷ் கொண்டுவருவாள், மறுபேச்சு பேசாமல் சாப்பிடு.

வெட்டு அக்கா. சுற்று அந்தக் கைப்பிடியை.

கோரின்


எல்க் ஃபோர்டு
நவம்பர் 1

கோரின்,

நேற்று காலை இருட்டு விலகும் முன்பே பெர்னடெட் என்னையும் ஷூ டப்பாவையும் பள்ளிக்கூட ஷெட்டில் கொண்டுபோய் இறக்கினாள். கடைசி வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் வெட்டினேன், கடைசி அட்டையில் மை முந்தின நாள்தான் காய்ந்தது. வெண்டல் பஸ்ஸைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். டப்பாவை வாங்கக் கையை நீட்டினான். "குடுங்க, நான் வெச்சுடறேன்."

நான் கொடுக்கவில்லை. பந்தயத்தில் 'வைப்பதை' யார் செய்யவேண்டும் என்று நாம் பேசவே இல்லை, ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை. அந்த பஸ் படிகளை எத்தனை வருஷம் ஒரு எட்டில் ஏறியிருப்பேன்! நேற்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை வைத்து, கெட்ட காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினேன். டப்பாவில் கட்டிய கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டேன். வெண்டல் பின்னால் இரண்டு கையையும் விரித்து, என்னைத் தொடாமல் நின்றான். நல்ல பையன்.

முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு இருக்கையாக வைத்துக்கொண்டு போனேன். கடைசி இருக்கையில் வைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்க நேரமாகும். அப்படியே உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றான் வெண்டல்.

முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் முகத்தை மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். நேற்று முதன்முறையாக அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், சோளப்பொம்மை ஒன்று, தலையில் பூசணி மாட்டிக்கொண்டு வழி தெரியாமல் கம்பியில் முட்டிக்கொண்டவன் ஒருவன். "வந்துடுச்சுடா, அட்டை வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல். வௌவால் இறக்கை கட்டிய ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வரியை விரலால் தடவினாள்.

"எழுத்தெல்லாம் கோணலா இருக்கே. இத நிஜமாவே பேய்தான் எழுதுச்சா?"

"ஆமா."

"நீங்க பாத்தீங்களா?"

"தினமும் பாக்கறேன். என் வீட்டுலதான் இருக்கு. முதல்ல சண்டை போட்டோம், இப்பப் பழகிடுச்சு."

அவள் என் வலது கையைப் பார்த்தாள், மடியில் கிடந்த கையை. அப்புறம் ஒரு மிட்டாயை எடுத்து அந்தக் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். இதை எழுதும்போது மறுபடியும் அழுகை வருகிறது, போகட்டும்.

ஓர் இருக்கையும் காலி இல்லை. வெண்டலிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள். ஓர் அட்டை மட்டும் மிஞ்சியது. ஓட்டுநர் இருக்கைக்கு என்று செய்தது, பழக்கதோஷம், எனக்கே எனக்கு ஒன்று வைத்துக்கொள்வேன். அதை உனக்கு அனுப்புகிறேன். வரியை வாசித்துக்கொள்.

அந்த அறையை எப்போது விடுகிறாய்?

ஆர்லிஸ்


டூசான்
நவம்பர் 9

அக்கா,

இதைக் கண்ணாடி முன்னால் பிடி.

என் வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இடது கையால், திருப்பித் திருப்பி, இந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. பாதி எழுத்தை அடித்து எழுதியிருக்கிறேன். கழுத்து வலிக்கிறது. இரண்டு முறை பேனாவைத் தூக்கி எறிந்தேன். உன் சூப் டப்பா ஞாபகம் வந்தது.

தினமும் உனக்கு எல்லா வேலையும் இப்படித்தானா?

அறையை விட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில், நன்றி கூறும் நாளுக்கு வருகிறேன், உன்னைக் கூட்டிப்போக இல்லை. கீழறையில் இருக்கும் கட்டிலை எங்கே நகர்த்தினால் உன் மேசை மறுபடியும் ஜன்னலோரம் போகும் என்று பார்த்து வை. அந்தப் பூப்படத்தை நானே கழற்றுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டைக்குக் காகிதம் பிடிக்க ஆள் வேண்டுமென்றால், வாணலிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.

தங்கைக்கும் சீட் இருக்கிறதா?

கோரின்